தனிச்சாவியும் நம்பிக்கைச் சான்றிதழும்

மூன்றாம் ஆண்டு, பி.எஸ்சி. கணிப்பொறி அறிவியல்

வீட்டுக்குப் பூட்டு வாங்கும்போது நாம் அதன் தரத்தைப் பார்க்கிறோம். கையில் எடுத்துக் கனம் பார்க்கிறோம். எத்தனை நெம்புகோல் என்று கேட்கிறோம். ஆனால் எவ்வளவு உயர்ந்த பூட்டாயினும், சாவியை நிலைப்படியின் மேலோ பூந்தொட்டியின் அடியிலோ வைத்துவிட்டுப் போனால் என்ன பயன்? பூட்டின் வலிமை வேறு, சாவியைக் காக்கும் ஒழுங்கு வேறு. கணிப்பொறி உலகில் இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இன்று தேர்வு முடிவு முதல் இரயில் முன்பதிவு வரை, வங்கிக் கணக்கு முதல் மருத்துவமனைப் பதிவேடு வரை யாவும் எங்கோ தொலைவில் இயங்கும் கணிப்பொறிகளில் அடங்கியுள்ளன. பலருக்கும் ஒரே நேரத்தில் பணி செய்யும் இத்தகைய கணிப்பொறியைச் சர்வர் என்கிறோம். அதன் முன்னே நாம் நேரில் சென்று நிற்பதில்லை. கம்பி வழியாகவே அதனுடன் பேசுகிறோம். அப்போது இரண்டு கேள்விகள் எழுகின்றன. "வந்திருப்பவர் உண்மையில் அவர்தானா?" என்று சர்வர் அறிவது எப்படி? "நான் பேசுவது உண்மையான சர்வருடன்தானா?" என்று நாம் அறிவது எப்படி? முதற் கேள்விக்கு விடை தனிச்சாவி. இரண்டாவதற்கு விடை நம்பிக்கைச் சான்றிதழ். ஒன்றன்பின் ஒன்றாகக் காண்போம்.

சர்வரும் கணக்கும்

1969ஆம் ஆண்டு அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிச்சி ஆகியோர் யூனிக்ஸ் என்னும் இயக்க முறையைத் தொடங்கினர். ஒரே கணிப்பொறியைப் பலர் பங்கிட்டுக்கொள்ளும் வகையில் அது வளர்ந்தது. ஒவ்வொருவருக்கும் ஒரு கணக்கு; ஒவ்வொரு கணக்குக்கும் ஓர் இல்லக் கோப்புறை; ஒருவர் கோப்பை மற்றவர் தொட முடியாதபடி அனுமதிகள். 1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸும் இதே வழியைப் பின்பற்றுகிறது. உலகின் சர்வர்களில் மிகப் பலவற்றில் இயங்குவது லினக்ஸ்தான்.

கணக்கு என்றால் மனிதருக்கு மட்டும் உரியது என்று எண்ணிவிடக் கூடாது. இணையப் பக்கங்களை வழங்கும் நிரலுக்கு ஒரு கணக்கு உண்டு. தரவுத்தளத்துக்கு ஒரு கணக்கு உண்டு. இரவு இரண்டு மணிக்கு எழுந்து அன்றைய பதிவுகளையெல்லாம் வேறொரு கணிப்பொறிக்குப் படியெடுத்து அனுப்பும் நிரலுக்கும் ஒரு கணக்கு உண்டு. இவை யாவற்றுக்கும் மேலே 'ரூட்' எனப்படும் தலைமைக் கணக்கு ஒன்று இருக்கிறது. அதற்குத் தடையே இல்லை. எந்தக் கணக்குக்கு எந்தச் சாவி என்பதில் ஒழுங்கு குலைந்தால், சிறு கணக்கில் நுழைந்தவன் தலைமைக் கணக்கு வரை ஏறிவிடுவான்.

கடவுச்சொல்லின் குறை

தொடக்கத்தில் கணக்குக்குள் நுழையக் கடவுச்சொல் ஒன்றே வழியாக இருந்தது. டெல்நெட் போன்ற பழைய முறைகளில் அச்சொல் மறைப்பு ஏதுமின்றி அப்படியே கம்பியில் பயணம் செய்தது. அஞ்சலட்டையில் வங்கி இரகசியத்தை எழுதி அனுப்புவதற்கு ஒப்பானது அது. வழியில் யார் எடுத்துப் பார்த்தாலும் படித்துவிடலாம்.

1995ஆம் ஆண்டு பின்லாந்தில் ஹெல்சின்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் கம்பித்தொடரில் ஒருவர் இவ்வாறு ஒளிந்திருந்து கடவுச்சொற்களைத் திருடினார். அங்கு ஆய்வாளராக இருந்த தாது யிலேனன் இதற்கு மாற்றாக ஒரு முறையை எழுதினார். அதுவே எஸ்.எஸ்.எச்., அதாவது பாதுகாப்பான கூடு. 1999இல் ஓப்பன் பி.எஸ்.டி. குழுவினர் அதன் கட்டற்ற வடிவமாக ஓப்பன் எஸ்.எஸ்.எச். என்பதை வெளியிட்டனர். இன்று சர்வர்களை ஆள்வோர் நாள்தோறும் பயன்படுத்துவது இதனையே.

எஸ்.எஸ்.எச். வந்தபின் கடவுச்சொல் மறைப்புடன் பயணம் செய்கிறது. ஆயினும் அது சர்வரிடம் போய்ச் சேர்ந்தே ஆகவேண்டும். போலிச் சர்வர் ஒன்று எதிரே நின்றால் அதன் கையிலும் அது விழுந்துவிடும். மேலும், மனிதர் நினைவில் வைக்கும் சொல்லை இயந்திரம் ஊகித்துவிட முடியும். எனவே, எதிரியிடம் கொடுக்காமலேயே "என்னிடம் இரகசியம் இருக்கிறது" என்று மெய்ப்பிக்கும் வழி தேவைப்பட்டது. அந்த வழியைக் கணிதம் முன்னரே கண்டுவைத்திருந்தது.

இரட்டைச் சாவியின் கணிதம்

1976ஆம் ஆண்டு விட்ஃபீல்ட் டிஃபி, மார்ட்டின் ஹெல்மன் ஆகிய அமெரிக்க அறிஞர் இருவர் ஒரு புதிய கருத்தை வெளியிட்டனர். ஒரு சாவிக்குப் பதில் இரண்டு சாவிகள். ஒன்று பொதுச்சாவி, அதை ஊரறியக் கொடுக்கலாம். மற்றொன்று தனிச்சாவி, அதை உரியவர் மட்டுமே வைத்திருப்பார். மறு ஆண்டிலேயே ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் ஆகிய மூவர் இக்கருத்துக்குச் செயல் வடிவம் தந்தனர். அவர்கள் பெயரின் முதலெழுத்துகளே ஆர்.எஸ்.ஏ. என்று வழங்குகின்றன. பிரிட்டன் அரசின் இரகசியத் துறையில் பணிபுரிந்த கிளிஃபர்ட் காக்ஸ் 1973லேயே இதே முறையைக் கண்டிருந்தார் என்பதும், அது 1997 வரை வெளியிடப்படாமல் இருந்தது என்பதும் சுவையான செய்திகள்.

இதன் அடிப்படை எளியது. 89ஐயும் 97ஐயும் பெருக்கினால் 8633 வரும். ஒரு நிமிடத்தில் செய்துவிடலாம். ஆனால் 8633 என்பதை மட்டும் கொடுத்து, "எந்த இரு பகா எண்களின் பெருக்கம் இது?" என்று கேட்டால் சற்றே திணறுவோம். எண் பெரிதாகப் பெரிதாகத் திணறலும் பெருகும். 2020ஆம் ஆண்டு 250 இலக்கங்கள் கொண்ட இத்தகைய எண் ஒன்றை அறிஞர்கள் பல கணிப்பொறிகளைக் கூட்டிக் காரணிப்படுத்தினர். நடைமுறையில் வழங்கும் 2048 பிட் ஆர்.எஸ்.ஏ. சாவியிலோ 617 இலக்கங்கள் உள்ளன! அண்மைக் காலத்தில் நீள்வளையக் கோடுகளின் கணிதத்தில் அமைந்த எட்25519 என்னும் சாவி பெரிதும் விரும்பப்படுகிறது. அதன் நீளம் 256 பிட்களே ஆயினும் வலிமை குறைவதில்லை.

தனிச்சாவியால் ஒரு செய்திக்குக் கையொப்பம் இடலாம். பொதுச்சாவியால் அக்கையொப்பம் மெய்யா பொய்யா என்று சரிபார்க்கலாம். ஆனால் கையொப்பம் இட முடியாது. சர்வரில் நமது பொதுச்சாவி முன்னரே பதிவாகியிருக்கும். நாம் நுழைய முற்படும்போது, அந்தத் தொடர்புக்கே உரிய ஒரு செய்தியை நமது கணிப்பொறி தனிச்சாவியால் ஒப்பமிட்டு அனுப்பும். சர்வர் அதைப் பொதுச்சாவியால் சோதித்துக் கதவைத் திறக்கும். அடுத்த முறை செய்தி வேறு, ஒப்பமும் வேறு. ஆதலால் இடையில் ஒட்டுக்கேட்டவனுக்கு ஒன்றும் மிஞ்சாது. இங்கே நாம் மனத்தில் பதிக்க வேண்டியது ஒன்றுண்டு. தனிச்சாவி ஒருபோதும் பயணம் செய்வதில்லை! அது பயணம் செய்யுமாறு நாம் செய்தால், கணிதம் கட்டிய கோட்டையை நாமே இடித்தவர்கள் ஆவோம்.

தனிச்சாவியைக் காத்தல்

எஸ்.எஸ்.எச். கீஜென் என்னும் கட்டளை இரட்டைச் சாவியை உண்டாக்கித் தருகிறது. இக்கட்டளையை எந்தக் கணிப்பொறியிலிருந்து நாம் சர்வருக்குச் செல்கிறோமோ அந்தக் கணிப்பொறியிலேயே கொடுக்க வேண்டும். ஓரிடத்தில் செய்து மின்னஞ்சலில் அனுப்பி மற்றோரிடத்தில் இறக்குவது தவறு. பெற்ற சாவியை ஒரு கடவுத்தொடரால் பூட்டி வைக்க வேண்டும். அப்போதுதான் மடிக்கணிப்பொறி திருட்டுப் போனாலும் சாவி உடனே திருடன் கைக்கு வராது.

கணக்கின் இல்லக் கோப்புறைக்குள் 'டாட் எஸ்.எஸ்.எச்.' என்னும் மறைவான கோப்புறை இருக்கும். சாவிகள் தங்கும் அறை அது. யூனிக்ஸ் முறையில் ஒவ்வொரு கோப்புக்கும் மூன்று இலக்க அனுமதி எண் உண்டு. முதல் இலக்கம் உரியவருக்கும், இரண்டாவது குழுவினருக்கும், மூன்றாவது பிறருக்கும் உரியவை. படிக்க 4, எழுத 2, இயக்க 1 எனக் கூட்டிக்கொள்ள வேண்டும். தனிச்சாவிக் கோப்புக்கு 600 போதும். அதாவது உரியவர் படிக்கலாம், எழுதலாம், மற்றவர்க்கு ஒன்றுமில்லை. கோப்புறைக்கு 700. தனிச்சாவியைப் பிறரும் படிக்குமாறு அனுமதி தளர்ந்திருந்தால், எஸ்.எஸ்.எச். எச்சரித்துவிட்டு அச்சாவியைப் பயன்படுத்தவே மறுத்துவிடும். இந்த மறுப்பைக் கண்டு எரிச்சலடைபவர் பலர். உண்மையில் அது நமக்குக் காவல் செய்யும் நல்ல வேலைக்காரன்.

சர்வரின் பக்கத்தில் ஒவ்வொரு கணக்கிலும் 'ஆதரைஸ்டு கீஸ்' என்றொரு கோப்பு உண்டு. அனுமதிக்கப்பட்ட பொதுச்சாவிகளின் பட்டியல் இது. ஒரு வரிக்கு ஒரு சாவி. வரியின் இறுதியில் குறிப்பு எழுத இடமுண்டு. யாருடைய சாவி, எந்தக் கணிப்பொறியில் உள்ளது என்று அங்கே எழுதிவைப்பது நல்ல பழக்கம். குறிப்பில்லாத சாவிகள் இருபது வரிசையாக நின்றால், ஒருவர் வேலையை விட்டுச் சென்றபின் எதை அடிப்பது என்று எவருக்கும் தெரியாது. தெரியாததால் எதையும் அடிக்காமல் விடுவார்கள். ஆண்டுகள் பல கழிந்தும், சென்றவரின் சாவி கதவைத் திறந்துகொண்டே இருக்கும்.

ஐந்து பேர் ஒரே சாவியைப் பகிர்ந்துகொள்வதும் இத்தகைய தவறே. ஐவரில் ஒருவர் விலகினால் மற்ற நால்வருக்கும் புதுச் சாவி தரவேண்டும். தவறு நேர்ந்தால் யார் செய்தது என்றும் கண்டறிய முடியாது. ஆளுக்கொரு கணக்கு, கணிப்பொறிக்கொரு சாவி என்பதே முறை.

மனிதர் இல்லாத கணக்குகளில் சிக்கல் சற்று மிகுதி. இரவு இரண்டு மணிக்கு இயங்கும் நிரலுக்குக் கடவுத்தொடரைத் தட்டிக் கொடுக்க யார் இருப்பார்? எனவே அதன் சாவியைப் பூட்டாமலேயே வைக்க நேர்கிறது. இக்குறையை ஈடுசெய்ய வழியுண்டு. பட்டியலில் அச்சாவியின் வரிக்கு முன்னால், "இந்த முகவரியிலிருந்து வந்தால் மட்டும் ஏற்றுக்கொள்", "இந்த ஒரு கட்டளையை மட்டும் செய்ய விடு" என்று நிபந்தனை எழுதலாம். அப்போது அச்சாவி களவு போனாலும் கள்வனால் படியெடுக்கும் ஒரு வேலையை மட்டுமே செய்ய முடியும். பால்காரருக்குக் கொல்லைக் கதவின் சாவியைக் கொடுக்கலாம். பீரோச் சாவியைக் கொடுக்க வேண்டியதில்லை அன்றோ?

சாவியே பழுதானால்?

சாவியை ஒழுங்காகக் காத்தும் தீங்கு வரலாம். அதற்கு இரண்டு நிகழ்ச்சிகள் சான்று.

டெபியன் என்பது லினக்ஸ் வகைகளுள் புகழ்பெற்ற ஒன்று. 2006ஆம் ஆண்டு அதன் மறைக்குறி நிரலில் சிறு திருத்தம் ஒன்று செய்யப்பட்டது. அதன் விளைவாக, சாவி செய்யத் தேவையான குறிப்பற்ற எண்கள் உண்மையில் குறிப்பற்றவையாக இல்லாமல் போயின. ஒரே வகையில், ஒரே நீளத்தில் ஏறத்தாழ 32,768 சாவிகள் மட்டுமே உண்டாக முடியும் என்னும் நிலை ஏற்பட்டது. உலகத்து அணுக்களின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டுப் பேசப்பட வேண்டிய எண்ணிக்கை, ஒரு சிறு நகரத்தின் மக்கள் தொகையாகச் சுருங்கிவிட்டது! 2008 மே மாதத்தில் லூசியானோ பெல்லோ என்னும் ஆய்வாளர் இதைக் கண்டறிந்தார். நிரலைத் திருத்தியதோடு வேலை முடியவில்லை. அந்த இடைக்காலத்தில் உண்டான சாவிகளை உலகெங்கும் தேடிப்பிடித்து அகற்ற வேண்டியதாயிற்று.

மற்றொன்று 2014 ஏப்ரலில் வெளிப்பட்ட 'ஹார்ட்பிளீட்' என்னும் குறை. ஓப்பன் எஸ்.எஸ்.எல். என்ற நிரலில் இருந்த இக்குறையால், தொலைவில் இருப்பவர் ஒரு வேண்டுகோளுக்கு 64 கிலோபைட் வரை சர்வரின் நினைவகத்தைப் படித்துவிட முடிந்தது. அந்நினைவகத்தில் தனிச்சாவியும் இருக்கக்கூடும். யார் படித்தார்கள், எதைப் படித்தார்கள் என்பதற்குப் பெரும்பாலும் தடயமே இல்லை. எனவே ஐயம் ஒன்றே போதுமான காரணமாகி, எண்ணற்ற சர்வர்களில் சாவிகள் மாற்றப்பட்டன.

இவ்விரு நிகழ்ச்சிகளும் ஒரே பாடத்தைப் புகட்டுகின்றன. எந்தச் சாவி எங்கே இருக்கிறது என்று முன்னரே குறித்து வைத்திருந்தவர்கள் ஒரு நாளில் மாற்றி முடிக்கலாம். குறித்து வைக்காதவர்களோ தங்கள் வீட்டிலேயே தேட வேண்டியவர்கள் ஆவார்கள்.

சர்வரை நம்புவது எப்படி?

இனி இரண்டாவது கேள்விக்கு வருவோம். சர்வர் நம்மைச் சோதிப்பது போல நாமும் சர்வரைச் சோதிக்க வேண்டும் அல்லவா? சர்வருக்கும் ஓர் இரட்டைச் சாவி உண்டு. முதன்முறை தொடர்பு கொள்ளும்போது அதன் பொதுச்சாவியின் சுருக்கமான கைரேகையைத் திரையில் காட்டி, "இதை நம்பலாமா?" என்று எஸ்.எஸ்.எச். கேட்கும். நம்மில் பலர் படிக்காமலேயே "ஆம்" என்று தட்டிவிடுகிறோம். முறை என்னவெனில், சர்வரின் பொறுப்பாளரிடம் தொலைபேசியிலோ நேரிலோ கைரேகையைக் கேட்டு ஒப்பிட்டபின் "ஆம்" சொல்வதே. ஒருமுறை ஏற்றுக்கொண்டால் 'நோன் ஹோஸ்ட்ஸ்' என்னும் கோப்பில் அது பதிவாகிவிடும். பின்னர் சாவி மாறினால் எஸ்.எஸ்.எச். உரக்க எச்சரிக்கும்.

நிரலர்கள் உலகெங்கும் பயன்படுத்தும் கிட்ஹப் நிறுவனம் 2023 மார்ச் 24 அன்று தன் சர்வரின் ஆர்.எஸ்.ஏ. சாவியை மாற்றியது. அதன் தனிச்சாவி பொதுமக்கள் பார்க்கக்கூடிய நிரல் களஞ்சியம் ஒன்றில் சிறிது நேரம் வெளிப்பட்டுவிட்டதே காரணம் என்று அந்நிறுவனமே அறிவித்தது. அன்று எண்ணற்றோர் திரையில் அந்த எச்சரிக்கை தோன்றியது. அறிவிப்பில் இருந்த புதிய கைரேகையோடு ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் சரியாகச் செய்தவர்கள். பழைய வரியை அழித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு "ஆம்" என்றவர்கள் எந்தப் போலியையும் ஏற்றிருப்பார்கள்.

சான்றொப்பமும் சான்றிதழும்

ஒவ்வொரு சர்வரின் கைரேகையையும் தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருக்க முடியுமா? இரண்டு மூன்று சர்வர்களுக்கு முடியும். உலகத்து இணையதளங்களுக்கெல்லாம் முடியாது. இங்கேதான் சான்றிதழ் வருகிறது.

மதிப்பெண் பட்டியலின் நகலோடு நாம் அரசிதழ்ப் பதிவு பெற்ற அலுவலரைத் தேடி அலைந்த கதை நம் அனைவருக்கும் தெரியும். நகலை வாங்குபவருக்கு நம்மைத் தெரியாது. ஆனால் அந்த அலுவலரின் பச்சை மை ஒப்பத்தையும் முத்திரையையும் அவர் மதிக்கிறார். அவர் மூலம் நம்மை நம்புகிறார். கணிப்பொறிச் சான்றிதழும் இத்தகையதே. "இந்தப் பெயருள்ள சர்வரின் பொதுச்சாவி இதுதான்" என்று எழுதி, சான்றளிக்கும் நிறுவனம் தன் தனிச்சாவியால் ஒப்பமிட்டுத் தருகிறது. 1988இல் வகுக்கப்பட்ட எக்ஸ்.509 என்னும் தரமே இதன் வடிவம். பெயர், பொதுச்சாவி, தொடக்க நாள், முடிவு நாள், ஒப்பமிட்டவர் யார் என்பன அதில் அடங்கும்.

ஒப்பமிட்டவரை யார் நம்புவது? அவருக்கு மேல் ஒருவர், அவருக்கும் மேல் ஒருவர் எனச் சங்கிலி நீண்டு, இறுதியில் மூலச் சான்றிதழ் ஒன்றில் முடியும். அதற்கு மேல் சான்று கிடையாது. அதை நம்புவதாக முடிவு செய்துவிட்டோம், அவ்வளவே. இத்தகைய மூலச் சான்றிதழ்களின் தொகுப்பே நம்பிக்கைப் பட்டியல். நமது உலாவியிலும் இயக்க முறையிலும் நூற்றுக்கு மேற்பட்டவை நாம் கேளாமலேயே இடம் பெற்றுள்ளன. நம் நாட்டில் 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின்கீழ், சான்றளிக்கும் நிறுவனங்களுக்கு உரிமம் வழங்கிக் கண்காணிக்கக் கட்டுப்பாட்டாளர் ஒருவர் இருக்கிறார்.

நூறு பேரை நம்புகிறோம் என்றால், நூறு பேரில் எவரேனும் ஒருவர் தவறினாலும் நாம் ஏமாறுவோம் என்பது பொருள். 2014 ஜூலையில் நம் நாட்டிலேயே இதற்கு ஒரு நிகழ்ச்சி உண்டு. தேசிய தகவல் மையத்தின் சான்றளிக்கும் பிரிவிலிருந்து கூகுளின் பெயரில் உரிமையற்ற சான்றிதழ்கள் வெளிவந்திருப்பதைக் கூகுள் கண்டறிந்து தெரிவித்தது. கட்டுப்பாட்டாளர் அப்பிரிவின் சான்றிதழ்களைச் செல்லாதவையாக்கினார்.

இதனினும் பெரிய துன்பம் 2011இல் நிகழ்ந்தது. நெதர்லாந்தில் டிஜிநோட்டர் என்னும் சான்றளிக்கும் நிறுவனம் இருந்தது. அந்நாட்டு அரசே அதன் சான்றிதழ்களைப் பயன்படுத்தியது. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் அதன் கணிப்பொறிகளுள் எவரோ ஊடுருவினர். ஐந்நூற்றுக்கு மேற்பட்ட போலிச் சான்றிதழ்கள் உண்டாக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று ஜூலை 10 அன்று கூகுளின் பெயரில் உருவானது. ஜூலையில் ஊடுருவலை உணர்ந்தபின்னரும் நிறுவனம் உலகுக்கு அறிவிக்கவில்லை. ஆகஸ்டு இறுதியில் ஈரானில் ஒருவர், தம் குரோம் உலாவி கூகுள் மடலுக்குச் செல்லும்போது எச்சரிக்கை காட்டுகிறது என்று பொதுவில் கேட்டார். கூகுளின் சான்றிதழ்களைக் குரோம் தனியே அறிந்து வைத்திருந்ததால்தான் அந்தப் போலி பிடிபட்டது.

அதற்குள் ஈரானிலிருந்து ஏறத்தாழ 3 இலட்சம் இணைய முகவரிகள் அந்தப் போலிச் சான்றிதழை எதிர்கொண்டிருந்தன என்று பின்னர் நடந்த ஆய்வு கண்டது. அவர்களுடைய திரையில் பூட்டின் படம் ஒழுங்காகவே தெரிந்தது. முகவரியும் சரியாகவே இருந்தது. ஆனால் மடல்களை வேறொருவர் படிக்க முடிந்தது. எழுதிய மடலுக்காக ஒருவர் சிறை செல்ல நேரும் சூழலில் இது சிறு செய்தியா? உலாவி நிறுவனங்கள் டிஜிநோட்டரின் மூலச் சான்றிதழைத் தம் பட்டியல்களிலிருந்து நீக்கின. செப்டம்பர் 20 அன்று அந்நிறுவனம் திவாலானதாக அறிவிக்கப்பட்டது. நம்பிக்கையை விற்று வாழ்ந்த நிறுவனம், அந்நம்பிக்கை போனபின் ஒரு மாதம்கூட நிலைக்கவில்லை.

கணக்கின் நம்பிக்கைப் பட்டியல்

இந்த வரலாற்றிலிருந்து சர்வரை ஆள்வோர் கற்க வேண்டியது என்ன? நம்பிக்கைப் பட்டியலும் பூட்டி வைக்க வேண்டிய பொருளே என்பதுதான். தனிச்சாவியைப் பிறர் படிக்கக் கூடாது. நம்பிக்கைப் பட்டியலைப் பிறர் படிக்கலாம். ஆனால் எழுதக் கூடாது! அதில் ஒரு போலி மூலச் சான்றிதழை நுழைத்துவிட்டால், எந்தப் போலிச் சர்வரும் நமக்கு மெய்யாகவே தோன்றும்.

பட்டியல் ஒன்றுதான் என்றும் எண்ணக் கூடாது. இயக்க முறைக்குப் பொதுவான பட்டியல் ஒன்று. ஃபயர்ஃபாக்ஸ் உலாவிக்குத் தனிப் பட்டியல். ஜாவா நிரல்களுக்கு வேறொரு பட்டியல். ஜாவாவின் பட்டியல் 'சேஞ்ஜிட்', அதாவது 'இதை மாற்று', என்னும் கடவுச்சொல்லோடு வழங்கப்பட்டு வந்தது. அப்பெயரைப் படித்தும் மாற்றாதவர் பலர்! நிறுவனத்தின் உள்வேலைக்காகச் சொந்தச் சான்றிதழ் ஒன்றைச் சேர்க்க வேண்டியிருந்தால், எந்தக் கணக்கின் நிரலுக்கு அது தேவையோ அந்தக் கணக்கின் பட்டியலில் மட்டும் சேர்ப்பது நன்று. கணிப்பொறி முழுமைக்கும் சேர்த்தால், ஓர் அறைக்காகச் செய்த சாவி வீடு முழுவதையும் திறக்கும்.

சான்றிதழ் பிழை தோன்றும்போது "சரிபார்ப்பையே நிறுத்திவிடு" என்று நிரலில் ஒரு வரி எழுதுவோர் உண்டு. பிழைச் செய்தி மறைந்துவிடும், வேலையும் நடக்கும். ஆனால் அது புகை எச்சரிக்கை மணியின் கம்பியை அறுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குவது போன்றது. மணி அடித்தால் புகையைத் தேட வேண்டும். காலாவதியா, பெயர் மாறியதா, சங்கிலியில் இடைச் சான்றிதழ் விடுபட்டதா என்று பார்த்தால், பெரும்பாலும் காரணம் இவற்றுள் ஒன்றாகவே இருக்கும்.

முடிவு நாளின் பயன்

காலாவதி என்பது தொல்லை என்று பலரும் நினைக்கிறார்கள். அது தொல்லையும் ஆகலாம். 2018 டிசம்பர் 6 அன்று பிரிட்டனில் ஓ2 நிறுவனத்தின் வாடிக்கையாளர் இலட்சக்கணக்கானோரின் கைபேசிகளில் இணையத் தொடர்பு அற்றுப்போனது. எரிக்சன் நிறுவனம் வழங்கிய மென்பொருளில் ஒரு சான்றிதழ் காலாவதியானதே காரணம். ஒரு நாளைக் குறித்து வைக்காததன் விளைவு அது.

ஆயினும் முடிவு நாள் இருப்பது நன்மைக்கே. களவு போனதை நாம் அறியாத சாவிக்கும் அது ஒரு முடிவைத் தருகிறது. ஆகவே ஆயுள் வரவரக் குறைகிறது. 2020 செப்டம்பர் முதல் இணையதளச் சான்றிதழுக்கு 398 நாட்களே உச்ச வரம்பாயிற்று. உலாவி நிறுவனங்களும் சான்றளிக்கும் நிறுவனங்களும் சேர்ந்த மன்றம், 2025 ஏப்ரலில் அதை மேலும் குறைக்க முடிவு செய்தது. அதன்படி 2026 மார்ச் 15 முதல் 200 நாட்கள். 2027 மார்ச் 15 முதல் 100 நாட்கள். 2029 மார்ச் 15 முதல் 47 நாட்கள். இத்தனை விரைவில் கையால் புதுப்பிக்க இயலாது. நிரலே புதுப்பிக்க வேண்டும். 2015 முதல் இலவசமாகச் சான்றிதழ் வழங்கிவரும் லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பு இவ்வழியை எல்லார்க்கும் எளிதாக்கியது.

கணக்குகளுக்கும் இதே வழி உண்டு. 2010 முதல் ஓப்பன் எஸ்.எஸ்.எச். தனக்கென எளிய சான்றிதழ் முறை ஒன்றைக் கொண்டுள்ளது. நூறு சர்வர்களில் நூறு பட்டியல்களை எழுதுவதற்குப் பதிலாக, "இந்தத் தலைமைச் சாவி ஒப்பமிட்ட எவரையும் ஏற்றுக்கொள்" என்று ஒரு வரி எழுதினால் போதும். ஊழியரின் பொதுச்சாவிக்கு எட்டு மணி நேரம் செல்லும் ஒப்பம் தரலாம். மாலையில் அது தானே காலாவதியாகும். நாளை அவர் பணியில் இல்லையென்றால் நாளை ஒப்பம் இல்லை. அடிக்க மறந்த வரி என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆனால் ஒப்பமிடும் அந்தத் தலைமைத் தனிச்சாவியைக் கருவூலம் போல் காக்க வேண்டும். டிஜிநோட்டரின் கதை நமக்கு நினைவிருக்கட்டும்.

பதிவேடு ஒன்று போதும்

மேலே கண்டவற்றைச் செய்யப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. ஒரு பதிவேடு போதும். எந்தச் சாவி, எந்தக் கணக்குக்கு, யார் பொறுப்பில், எந்தக் கணிப்பொறியில், எப்போது தொடங்கியது, எப்போது முடியும், முடிந்தபின் நீக்கியவர் யார்? இந்த ஏழு கட்டங்களை நிரப்பி, பருவத்துக்கு ஒருமுறை சர்வரோடு ஒப்பிட்டுப் பார்த்தால், பெருந்தவறுகள் பலவற்றைத் தவிர்க்கலாம். தனிச்சாவியை மட்டும் அப்பதிவேட்டில் எழுதக் கூடாது!

நூலகத்தில் இருப்புச் சரிபார்ப்பு உண்டு. வேதியியல் ஆய்வுக்கூடத்தில் அமிலக் குப்பிகளுக்குக் கணக்கு உண்டு. விடுதியில் அறைச் சாவிக்கு ஒப்பம் உண்டு. படிப்பு முடிந்து செல்லும்போது 'நிலுவை இல்லை' என்ற சான்று வாங்காமல் எவரும் போக முடியாது. நமக்குப் பழகிய இந்த ஒழுங்கையே கணிப்பொறிக் கணக்குகளுக்கும் நீட்டித்தால் போதும். சாவி கொடுக்கும்போது காட்டும் ஆர்வத்தைத் திரும்பப் பெறும்போதும் காட்ட வேண்டும்.

நம்முள் பலர் நாளை ஏதேனும் ஓர் அலுவலகத்தில், வங்கியில், மருத்துவமனையில் இத்தகைய சர்வருக்குப் பொறுப்பேற்க நேரலாம். அங்கே அடுக்கி வைக்கப்பட்டிருப்பவை வெறும் எண்கள் அல்ல. ஒருவருடைய ஓய்வூதியம், ஒருவருடைய நோய்க் குறிப்பு, ஒருவருடைய தேர்வு மதிப்பெண். அவர்கள் நம்மைப் பார்த்ததில்லை. நம் பெயரும் அறியார். பூட்டை மட்டுமே நம்புகிறார்கள். பூட்டைக் கணித அறிஞர்கள் செவ்வனே செய்து தந்துவிட்டார்கள். சாவியைக் காக்கும் வேலை நம்முடையது.